எழுபத்தெட்டு மார்க்

எனக்கு முதுகெலும்பு முறிந்தது பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. விழுந்தீங்களா டீச்சர், வழுக்கிடுச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். விழவும் இல்லை, வழுக்கவும் இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன் என்றால், நான் எதையோ மறைக்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். மறைக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு வரன் அமைய வேண்டும் என்று திருவிடந்தை கோயிலில் வேண்டிக்கொண்டோம், அவள் கழுத்தில் மாலையோடு பிரகாரம் சுற்றி வந்தாள். வரன் அமைந்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனி, படூரில் அடுக்குமாடி வீடு. கல்யாணம் ஆனதும் அந்தக் காய்ந்த மாலையைப் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கொண்டுபோய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். அதற்கு நாங்களும் போயிருந்தோம். திரும்பும்போது, காரிலேயே உங்களைச் செங்கல்பட்டில் விட்டுவிடுகிறேன் என்றார் மாப்பிள்ளை. என் வீட்டுக்காரர் கேட்டால்தானே? ரிட்டயர் ஆகிறவரை கண்டக்டராக இருந்தவர். பஸ் ஓடுகிற ரோட்டில் காரில் போவது அவருக்கு ஏதோ துரோகம் மாதிரி. மாமல்லபுரத்தில் இறங்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் ஏறினோம். எனக்குக் கடைசி வரிசையில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர் முன்னால் போய்த் தெரிந்த கண்டக்டரோடு பழங்கதை பேச ஆரம்பித்தார். ஒரு ஸ்பீட் பிரேக்கரில் டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் மேலே போய்க் கீழே வந்தேன். வந்தபோது இடுப்புக்குச் சற்று மேலே ‘மளுக்’ என்றது. கையில் இருந்த பொட்டலத்திலிருந்து ஒரு கடலைகூடச் சிந்தவில்லை.

பிடிப்பு என்று நினைத்தோம். தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், சுளுக்கு எடுக்கிறவரிடம் போனோம். நல்லவேளை, அவர் என் முதுகைப் பார்த்துவிட்டு நான் தொடமாட்டேன், போய்ப் படம் எடுங்கள் என்றார். எடுத்தோம். முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. அதன் பிறகு எலும்பின் அடர்த்தியைப் பார்க்க இன்னொரு ஸ்கேன். ஊரில் எல்லோரும் எலும்புத் தேய்மானம் என்று சொல்கிற நோய்தான். டாக்டர் ஆஸ்டியோபோரோசிஸ் என்றார். எலும்பு வெளியே பார்க்க எலும்பாகவே இருக்கும், உள்ளே ரஸ்க் மாதிரி ஆகிவிட்டிருக்கும். எத்தனையோ வருஷம் கரும்பலகை முன்னால் நின்று பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரச் சொன்ன எனக்கு இது தேவைதான்.

அதன் பிறகு வீட்டில் என் வீட்டுக்காரருடைய ராஜ்யம். பின் சீட்டில் தூக்கிப் போடும் என்பது கண்டக்டருக்குத் தெரியாதா, தெரிந்தும் அங்கே உட்கார வைத்தேனே என்று அவருக்கு ஒரு குடைச்சல். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பதிலுக்கு அரிசி டப்பாவை மேடைமேல் ஏற்றினார், குக்கரைத் தூக்கினார், துணி காயப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எனக்கு ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரைமணி நேரம் படுக்கக்கூடாது, காபி குடிக்கக்கூடாது. அந்த அரைமணி நேரமும் காபியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொண்டு, எனக்கு எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். நான் கொஞ்சம் சாய்ந்தால் போதும், “டீச்சரே, நிமிரு, நிமிரு” என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுகிற பெயர் டீச்சரேதான்.

கண்ணாடியில் என் தலை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. எல்லாப் புடவையும் தரையில் இழுபட்டது. பாவாடையை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். வலியையும் அப்படித்தான் சொல்லாமல் இருந்தேன். மகள் தினமும் போன் செய்வாள். எப்படிம்மா இருக்கே என்பாள். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்பேன். நின்றபடி குழம்பைத் தாளிப்பதற்குள் முதுகில் நெருப்பு வைத்தது போல இருக்கும், உட்கார்ந்து உட்கார்ந்து தாளிப்பேன். அதையெல்லாம் பிள்ளையிடம் சொல்லி ஆகப்போவது என்ன?

இப்படி இருக்கும்போதுதான் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் தெருவில் கைக்குழந்தை பிறந்தால் காலில் போட்டுக் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் குப்புறவும் மல்லாக்கவும் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் துணியில் சுற்றிக் கொடுப்பேன். குழந்தை ஒரு தூக்கம் தூங்கும் பாருங்கள், அம்மாக்காரி எழுந்து சமையலே முடித்துவிடலாம். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் செய்த காலும் கையும், என் பேரப்பிள்ளைக்குச் செய்யாமல் போகுமா? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவாள், நான் குளிப்பாட்டுவேன் என்று கனவு காண ஆரம்பித்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் அவள் போனில் மெதுவாகச் சொன்னாள். வளைகாப்பு முடிந்து செங்கல்பட்டு வரவில்லை, படூரிலேயே இருந்துகொள்கிறேன், அத்தை பார்த்துக்கொள்வார்கள். உன்னால் குனிய முடியாது, தரையில் உட்கார முடியாது, உனக்கு எதற்கம்மா சிரமம்? அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால்தான் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சரிதாம்மா, உன் சௌகரியம் என்று போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். பெற்ற மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரமாட்டேன் என்கிறாள், காரணம் தாய் உதவாக்கரை. அன்று ரசத்தில் உப்பு போடவில்லை, அவரும் கேட்காமல் குடித்தார்.

அந்த மாதமே ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பரீட்சை நடந்தது. பரீட்சை என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுடைய வாழ்க்கைத் தரத்தை அளக்கிறார்களாம். மேல்படிப்பு படிக்கிற ஒரு டாக்டர் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், கையில் டேப்லெட்டோடு என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். போன வாரத்தில் எத்தனை நாள் முதுகு வலித்தது? வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா? தானாகக் குளிக்க, புடவை கட்ட முடிகிறதா? கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்க முடிகிறதா? கடைக்கு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்களா? உருவம் மாறிவிட்டதே என்று வருத்தம் உண்டா? விழுந்துவிடுவோம் என்று பயமா? தனியாக இருப்பது போலத் தோன்றுகிறதா? தோட்ட வேலை செய்ய முடிகிறதா என்றுகூட ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு துளசிச் செடி, அதற்கும் அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார் என்றேன். சிரித்துக்கொண்டே ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

சுருக்கமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் அந்தப் பெண் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பரீட்சையில் காப்பி அடிக்கிறவர்களைப் பிடித்தே காலம் தள்ளியவள் நான், நானே பொய் எழுதலாமா? வலிக்கிறது என்றேன். எல்லா நாளும் வலிக்கிறது. புரண்டு படுக்க முடியவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கையைத் தூக்கினால் உயிர் போகிறது. புடவை இழுபடுகிறது, அதை யாருக்கும் தெரியாமல் ஏற்றிக் கட்டுகிறேன். கல்யாணம் காட்சிக்குப் போவதை விட்டுவிட்டேன், கூட்டத்தில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று பயம். வரப்போகிற பேரக்குழந்தையைத் தூக்கிவிடாதீர்கள் என்று இப்போதே எல்லோரும் சொல்கிறார்கள். இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாக வீட்டில் ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாத பெண்ணிடம் கொட்டிவிட்டேன். வெளியே வந்தபோது வலி அப்படியே இருந்தது, மனசு மட்டும் லேசாக இருந்தது.

வாசலில் காத்திருந்த என் வீட்டுக்காரர் அவளைச் சும்மா விட்டாரா? எவ்வளவு வந்திச்சும்மா என்று மடக்கினார். அவள் வேறு நோயாளியைக் கூப்பிட்டுக்கொண்டே, நூற்றுக்கு எழுபத்தெட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்குப் பத்தாம் வகுப்பிலேயே அவ்வளவு வந்ததில்லை.

“எழுபத்தெட்டா! டீச்சரே, டிஸ்டிங்ஷன்!” என்றார்.

எனக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இத்தனை அழுகையை அழுதுவிட்டு வந்திருக்கிறேன், எழுபத்தெட்டா? ஆனால் மார்க் என்றால் கூடுதல்தான் நல்லது என்பதை ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். மற்றவர்கள் என்னைவிட மோசமாக இருப்பார்கள் போலிருக்கிறது, அவர்களோடு பார்த்தால் நான் தேவலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆட்டோவில் ஏறுவதற்குள் அவர் மகளுக்குப் போன் போட்டுவிட்டார். உங்கம்மா நூத்துக்கு எழுபத்தெட்டு எடுத்துகீது, இனிமே அதுக்கு ஒண்ணும் இல்ல, ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்கோ என்று ஆட்டோக்காரருக்கும் சேர்த்து அறிவித்தார்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி கம்மியிருந்தது. சளியா என்றேன், ஆமாம் என்றாள். வளைகாப்பு முடிந்ததும் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் அம்மா என்றாள். நான் எப்படி உணர்ந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. எழுபத்தெட்டே, நீ நன்றாக இரு என்று மனதுக்குள் அந்த நம்பரை வாழ்த்தினேன்.

வளைகாப்பு படூரில், அவர்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் நடந்தது. கலந்த சாதங்களை நானே கிண்ட வேண்டும் என்று ஆசை, சமையல்காரரிடம் விட்டோம். என் வீட்டுக்காரர் எலுமிச்சை சாதத்துக்கும் புளியோதரைக்கும் நடுவில் நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் என் மார்க்கைச் சொன்னார். சம்பந்தியம்மாவிடமும் சொன்னார். அந்த அம்மா உடனே என் கையைப் பிடித்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார வைத்து, நிகழ்ச்சி முடிகிறவரை என் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. எழுபத்தெட்டு மார்க் எடுத்தவளை எதற்கு இப்படித் தாங்குகிறார்கள் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே கை நிறைய வளையல் குலுங்க மகள் எங்களோடு செங்கல்பட்டு வந்து சேர்ந்தாள்.

வந்தவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. சும்மா இருந்தால் போர் அடிக்குதும்மா என்று மேடைமேல் காய் நறுக்குவாள், நான் குளிக்கப் போனால் கூடவே வந்து தலைக்கு ஊற்றிவிடுவாள். பிள்ளைத்தாச்சி எனக்குப் பணிவிடை செய்வதா என்று நான் சத்தம் போடுவேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். என் புடவைகளையெல்லாம் எடுத்துப் பார்த்து, அடியில் மடித்துத் தைத்துக் கொண்டுவந்து வைத்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாம்பார் கரண்டி கீழே விழுந்துவிட்டது. நான் குனியக்கூடாது, அவளால் குனிய முடியாது. இரண்டு பேரும் அந்தக் கரண்டியைப் பார்த்தோம். அது எங்களைப் பார்த்தது. அவள் காலால் தள்ளிப் பார்த்தாள், அது அடுப்பு மேடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் எனக்கு முதுகு வலிக்கும், அவளுக்கு வயிறு இழுக்கும், அம்மா சிரிக்காதே, நீ சிரிக்காதே என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு நின்றோம். கடைக்குப் போயிருந்த அவர் வந்து, டிக்கெட் எடுக்காம உள்ள பூந்தது யாரு என்று தரையில் படுத்துக் கரண்டியை மீட்டார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் அப்படிச் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

ஒன்பதாம் மாதம் எனக்கு இரண்டாவது பரீட்சை. அதே பெண், அதே கேள்விகள். இந்த முறை எனக்கே சில பதில்கள் மாறியிருப்பது தெரிந்தது. தலைக்கு ஊற்ற மகள் இருக்கிறாள். தனியாகத் தோன்றுகிறதா என்றால், இல்லையே. எல்லாம் முடிந்ததும் அவள் அறுபத்தாறு என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு மார்க் குறைந்துவிட்டதே டாக்டர், நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

“அம்மா, குறையறதுதான் நல்லது. நூறுன்னா ரொம்பக் கஷ்டப்படறாங்கன்னு அர்த்தம். சைபர்னா ஒரு கஷ்டமும் இல்லை.”

இது என்ன மார்க்? எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படிப் போடுவார்கள்? என் வாழ்நாளில் இவ்வளவு அநியாயமான பரீட்சையை நான் பார்த்ததில்லை. ஆனால் கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, அதற்குள் பயம் வந்துவிட்டது. எழுபத்தெட்டைக் கேட்டுத்தானே அவள் வந்தாள்? அம்மா தேறிவிட்டாள் என்று நம்பித்தானே வந்தாள்? உண்மை தெரிந்தால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு படூருக்குக் கிளம்பிவிடுவாளே. குழந்தைக்கு ஏதாவது ஆனால்? நான் காலில் போட்டுக்கொண்டிருக்கும்போது என் முதுகு இன்னொரு தடவை ‘மளுக்’ என்றால்?

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனே டீச்சரே என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“அப்போ உனக்கு அவ்ளோ வலியா? எங்கிட்ட ஏன் சொல்லல?”

மார்க்கை விட்டுவிட்டு இந்த மனுஷன் இதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் ஏற்கெனவே அந்த சீட்டை நினைத்து நொந்துபோயிருக்கிறீர்கள், இதையும் சேர்த்துச் சொல்வானேன் என்றேன். அவர் என் மருந்துப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார், அது எப்போதும் அவர் தோளில் இருக்க வேண்டிய பைதான். ஆட்டோவில் வரும்போது, குழந்தை பிறக்கிறவரை வாயைத் திறக்காதே, அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். சரி என்றேன்.

என்னால் முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் கட்டிலில் சாய்ந்து, குழந்தைக்காகப் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன். எழுபத்தெட்டு நல்ல மார்க் இல்லையாம். கூடக் கூட மோசமாம். உன் அப்பாவும் நானும் தெரியாமல் உன்னை ஏமாற்றி வரவழைத்துவிட்டோம். எனக்கு முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது, தரையில் உட்கார முடியாது, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட முடியாது. நீ படூருக்குப் போவதானால் போ, நான் தப்பாக நினைக்க மாட்டேன். கடைசி வாக்கியம் பச்சைப் பொய், சொல்லும்போதே குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் கிழித்த துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

“எனக்குத் தெரியும்மா. அப்பா போன் பண்ண அன்னிக்கே நெட்ல தேடிப் படிச்சிட்டேன். எழுபத்தெட்டுன்னா என்னன்னு தெரிஞ்சதும் ரெண்டு நாள் அழுதேன். அத்தைகிட்டயும் சொன்னேன், அவங்கதான் உடனே, அம்மாகிட்டயே போய் இருன்னாங்க.”

“தெரிஞ்சுமா வந்தே?”

“தெரிஞ்சதாலதான் வந்தேன். தினமும் கேக்கறேன், நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்ற. நீ யாரோ ஒருத்தர்கிட்ட சொல்லி, அது நம்பராகி, அப்பா அதைத் தப்பா சொல்லித்தான் உன் வலி எனக்கு வந்து சேரணுமா?”

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்குத்தான் பிள்ளைப்பேறு பார்க்கிற பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவளோ வயிற்றில் பிள்ளையோடு தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். சளி என்று சொன்னாளே, அது அழுகை. மடித்துத் தைத்த புடவைகள், தலைக்கு ஊற்றிய தண்ணீர், சம்பந்தியம்மா வைத்த தலையணை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என்னைத் தாக்கின. கட்டிக்கொள்ளலாம் என்றால் நடுவில் அவள் வயிறு, பின்னால் முதுகுக்கு டாக்டர் போடச் சொன்ன என் பெல்ட். பக்கவாட்டில் சாய்ந்து எப்படியோ கட்டிக்கொண்டோம். வாசல்படியில் நின்ற என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்போ அது டிஸ்டிங்ஷன் இல்லியா?” என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி விழுந்து, டாக்டரும் குளிப்பாட்டலாம் என்ற பிறகு, அன்று காலை நான் அறைக்குள்ளேயே இருந்துவிட்டேன். சம்பந்தியம்மா வந்து குளிப்பாட்டட்டும் என்று நானே சொல்லியிருந்தேன். யார் காலிலோ என் பேத்தி கிடப்பதைச் சிரித்த முகத்தோடு பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பின்கட்டிலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டீச்சரே, இங்க வா என்று அவர் கூப்பிட்டார்.

துணி துவைக்கிற இடத்தில், சுவரை ஒட்டி ஒரு கை வைத்த நாற்காலி. முதுகுக்குத் தலையணை, அது நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை. நாற்காலிக்கு எதிரே அதே உயரத்துக்கு ஒரு மரப்பெஞ்சு. ஆடுகிறதா என்று அவரே அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்திருக்கிறார். சம்பந்தியம்மா வரவில்லை. வரவேண்டாம் என்று மகள் முதல் நாளே சொல்லிவிட்டாளாம். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின்மேல் நீட்டி வைத்தார்கள். தரையில் பலகை போட்டு உட்கார்ந்தால் எப்படிக் கால் நீளுமோ, அப்படியே நீண்டிருந்தது. நான் குனிய வேண்டியதில்லை. மகள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்த குழந்தையைத் தூக்கி என் கால்களுக்கு நடுவில் கிடத்தினாள். கால் என்னுடையது, தேய்க்கிற கை அவளுடையது, ஊற்றுகிற கை அவருடையது.

அந்தப் பிஞ்சு முதுகு என் காலில் பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எலும்பே இல்லாத மாதிரி அத்தனை மெத்தென்று இருந்தது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. தலையைப் பிடி, காதை மூடு, அக்குளில் தேய், மூக்கை நீவிவிடு என்று ஏவிக்கொண்டே இருந்தேன். அவர் சொம்போடு நின்று, வெந்நீரில் முழங்கையை விட்டுப் பார்த்தார். நான் “ரைட்” என்றால் ஊற்றினார், “ஓல்டேன்” என்றால் நிறுத்தினார். இத்தனை காலம் பஸ்ஸில் டிரைவருக்கு அவர் கொடுத்த உத்தரவை, அன்று அவருக்கு நான் கொடுத்தேன். குழந்தை முதலில் வீறிட்டாள், பிறகு வெந்நீர் சுகத்தில் வாயைக் கோணிக்கொண்டு அடங்கினாள். அடங்கினவள் என் காலை வெதுவெதுப்பாக நனைத்தாள், அது அவர் ஊற்றிய தண்ணீர் இல்லை.

குப்புறத் திருப்பிப் போட்டபோது என் இடுப்புக்கு மேலே அந்தப் பழைய இடத்தில் வலி சுருக்கென்று ஏறியது. முகத்தை மாற்றாமல் இருக்கத்தான் பார்த்தேன், பழக்கதோஷம். மகள் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“வலிக்குதாம்மா?”

நல்லாத்தான் இருக்கேன் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் சொம்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வலிக்குது” என்றேன்.

“எடுத்துடட்டுமா?”

“வேணாம். அவ என் காலிலயே இருக்கட்டும். நீங்க தண்ணிய ஊத்துங்க, ரைட்.”

அவர் ஊற்றினார்.